சில்லி டைலர்ஸ்

தாராவி மெயின் ரோட்டில் பூலோகம் தையல்கடை திறந்தது 1964-இல். அவன் தைத்த முதல் சட்டையைப் போட்டுப் பார்த்தவர் "நைஸ்" என்றார். அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துப்போய், "நைஸ் டைலர்ஸ்" என்று ஆங்கிலத்தில் பலகை எழுதி மாட்டிவிட்டான். மனைவி தங்கமயில் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். கடை ஓடியது.

ஒரு சனிக்கிழமை, தைத்த பேன்ட்டை வாங்க மாட்டுங்காவிலிருந்து சுப்ரமணியன் வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. நடைபாதைக் கடையில் வாங்கிய தடித்த ஆங்கில அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"பூலோகம், நைஸ்னா என்னன்னு தெரியுமோ?"

"நல்லாருக்குன்னு அர்த்தம் சார்."

"அது இப்போ. மூலம் லத்தீன். ஒண்ணும் அறியாதவன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஒருத்தனை நைஸ்னு சொன்னா, முட்டாள்னு திட்டறதாக்கும்."

பூலோகத்தின் முகம் தொங்கிவிட்டது. ஆறு மாதமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லியிருக்கிறான்.

"அப்ப ஸ்மார்ட்னு வச்சிருவமா சார்?"

"மூலத்துல அது சுரீர்னு வலிக்கறது. ஊசி பிடிக்கறவன் வைக்கலாமோ?"

"ப்ரெட்டி?"

"தந்திரக்காரன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுப்ரமணியன் தொடையில் தட்டினார். "சில்லி! மூலத்துல பாக்கியவான், தெய்வ அருள் பெற்றவன். இப்போ ஜனங்க வேற மாதிரி சொல்றா. நமக்கென்ன? மூலம்தான் முக்கியம்."

புதுப் பெயரைக் கேட்டதும் போர்டு எழுதும் மன்சூர் அலி இரண்டு தடவை கேட்டார், "பக்காவா பாய்?" என்று. பக்கா, சந்தேகமே இல்லை என்றான் பூலோகம்.

திங்கட்கிழமை காலை கடை முன்னால் கல்லூரிப் பையன்கள் கூட்டம். பாக்கியம் வந்துவிட்டது என்று பூலோகம் எழுந்து கும்பிட்டான். சிரிப்பு இன்னும் பலத்தது. "பாகல் தர்ஸி!" என்று ஒருவன் கத்தினான். பைத்தியக்காரத் தையல்காரன்! தங்கமயிலுக்கு இந்தி நன்றாகவே புரியும்.

"கோட்டிக்கார டெய்லர்னா எழுதி வச்சிருக்கீரு? வாரும், அந்த சாரைக் கேப்போம்."

இருவரும் மாட்டுங்காவுக்கு நடந்தார்கள். சுப்ரமணியன் அசரவில்லை.

"இதுல கோபப்பட என்னம்மா இருக்கு? நம்ம தமிழையே எடுத்துக்கோ. நாற்றம்னா ஆதியில நறுமணம். இப்போ மாத்திச் சொல்றா. தப்பு சொல்லோடதில்லே, ஜனங்களோடது."

தங்கமயில் மூக்கை நிமிர்த்தினாள். உள்ளே ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்படியா சார்? உங்க வீட்டு ரசம் வாசல் வரைக்கும் நாறுது."

அடுத்த நொடி சுப்ரமணியனின் மனைவி பார்வதி கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரு சொன்னா அப்படி?"

"சார்தான் அப்படிச் சொல்லலாம்னாரு அக்கா."

பார்வதி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "அது மூலத்துல..." என்று தொடங்கியவர், கரண்டி உயர்வதைக் கண்டு, "உடனே போர்டை மாத்திடு பூலோகம்" என்றார்.

ஆனால் மாற்ற முடியவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது, சிரிக்க வந்த பையன்களில் நாலு பேர் பேன்ட் துணியோடு காத்திருந்தார்கள். தங்கமயில் பலகையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிக்காதேயும். அளவெடும்" என்றாள்.