ஒரே மேசையில் இரண்டு பிரென்

...இல்லை, 417 போல்ட் என்னிடம்தான் இருக்கிறது, அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், துணி சுற்றி மடியில் வைத்திருக்கிறேன், பசறை வளைவுகளில் லொறி ஆடும்போதெல்லாம் தொடையில் இடிக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. எழுபத்தொன்று ஏப்ரல், கிளர்ச்சிக்காரப் பொடியன்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்குகிறார்கள் என்றதும் இராணுவ முகாமில் கிடந்த பழைய பிரென் இயந்திரத் துவக்குகளையெல்லாம் வெளியே எடுத்தார்கள், கிரீஸ் கழுவிப் பூட்டுவதற்குப் பட்டறையில் நானும் அங்கே எனக்கு மேலே இருக்கிற றவூப் நானாவும் மட்டும்... நானா முதல் நாளே சொன்னார், "ஸமீம், ஒரு மேசைக்கு ஒரு துவக்குத்தான். ரெண்ட ஒண்ணாப் பிரிச்சியோ, நான் ஒன்னப் பிரிச்சிருவேன்." கேட்டேனா? எப்படிக் கேட்பது, ஒன்று முப்பத்தொன்பதில் செய்தது, இலக்கம் 417, மற்றது நாற்பத்துமூன்றில், 893. முதலாவதில் குறி பார்க்கும் தகடு ஓர் உருளையைத் திருகினால் ஏறும், இறங்கும், கடிகாரம் மாதிரி, கால்கள் நீளும், கைப்பிடி மடங்கும். இரண்டாவதில் உருளை இல்லை, கால் நீளாது, கைப்பிடி மடங்காது, தேய்க்க நேரமில்லாமல் விட்ட வெட்டுத் தடங்கள்கூடத் தெரிகின்றன. உலக யுத்தத்தில் குண்டு விழும் ஊரில் எவனோ உட்கார்ந்து, இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று கழித்திருக்கிறான், எதைக் கழித்தாலும் சுடும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? அதைப் பார்க்கத்தான் இரண்டையும் ஒரே மேசையில் பிரித்தேன், கொப்பியில் படம் வரைந்தேன், இரண்டு போல்ட்டையும் ஒரே மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் அடைத்துப் பிடிக்கிற இரும்பு அது, துவக்கின் இலக்கத்தையே அதிலும் வெட்டியிருப்பார்கள், மாற்றக் கூடாது. இடைவெளி மயிரளவு கூடினால் தோட்டாவின் கோது கிழிந்து பாதி உள்ளேயே தங்கும், துவக்கு நின்றுவிடும்.

நின்றால், அதன் பின்னால் படுத்திருப்பவன் ஹுமைத், என் மாமி மகன். காலையில் அந்த முப்பத்தொன்பதைத் தோளில் தூக்கியவன் அவன்தான். "மச்சான், இது சுடுமா, இல்லாட்டி சிகரெட் பத்தவைக்கவா?" "போடா, ஒன் கலியாணத்துக்கும் இதுதான் வெடி." சிரித்தான், ஜீப் பசறைக்குப் போனது, சுட்டுப் பார்க்க யாருக்கு நேரம்... பகல் சாப்பிட்டுவிட்டு மிச்சமிருந்த 893ஐப் பூட்டும்போதுதான் பார்த்தேன், என் கையில் இருந்த போல்ட் 417. அப்படியானால் ஹுமைத்திடம் போனது? நானாவிடம் ஓடினேன். அவர் ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பசறைக்கு டெலிபோன் லைன் இல்ல. அரிசி லொறி போகுது, ஏறு. மாத்திக் குடுத்திட்டு வா, பொறகு கதைப்பம்." மாமி காலையில் பண்டாரவளைச் சந்தியில் நின்று அவன் ஜீப்புக்குக் கை காட்டினாவாம்...

இப்போது பசறைக்கு மேல் வளைவில் நிற்கிறோம், யாரோ மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள். சாரதி ரெங்கசாமி அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். கீழே, தேயிலைக்கு அப்பால், ஐந்து வெடி. பிரென்தான், அந்த நிதானம் வேறெதற்கும் இல்லை. மூச்சைப் பிடித்தேன். மறுபடி ஐந்து. "பொருந்துது!" என்று கத்திவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்னாங்க தம்பி பொருந்துது? யாரு பெத்த புள்ளைகள சுடுறாங்களோ..." ஹுமைத் உயிரோடு இருக்கிறான் என்றுகூட முதலில் தோன்றவில்லை, எதிரே நிற்பது யார் என்று இந்த மூன்று நாளில் ஒரு தரமாவது கேட்டேனா? நாற்பத்துமூன்றின் போல்ட் முப்பத்தொன்பதில் ஓடுகிறது, அதுதான் முதலில் வந்தது... எவ்வளவு அலுப்பு, கண் எரிகிறது, ஆனாலும் காது கீழேயே நிற்கிறது, மூன்றாவது தரம் இன்னும் கேட்கவில்லை. அவனாகத்தான் நிறுத்தியிருப்பான், இல்லையா? இரண்டு தரம் போனது மூன்றாவதும் போகும்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?