ஒட்டாத காது மடல்

பண்பொழித் திருமலைக் கோயிலில் கோமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என் அண்ணன் தளவாய் தென்காசியில் செல்போன் கடையை அடைத்துவிட்டு, புது வேட்டியும் அவளுக்கு வாங்கிய கல் கம்மலுமாக வந்திருந்தான்.

குழந்தைக்கு எங்கள் அம்மாவின் பெயர். அவன் "எம்மா" என்றுதான் கூப்பிடுவான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நெத்தியப் பாருங்க, எங்கம்மாவேதான்" என்பான். எனக்கு உள்ளே கூசும்.

பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியை. வருடாவருடம் கரும்பலகையில் டி.என்.ஏ.வின் முறுக்கிய ஏணியை வரைகிறேன். இரண்டு இழைகள், நான்கே எழுத்துகள், பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. கோமதியின் அம்மா பாதி என்னுடையதல்ல. வேறொரு பெண் தந்த கருமுட்டை. கருவில் எந்த எழுத்து விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதில் சுமக்கிறவள் உடம்புக்கும் பங்குண்டு என்று படித்திருக்கிறேன். அதனால் நான் அம்மாதான். ஆனால் தாய்மாமன்? இது தெரியாமலே அவனைத் தாய்மாமன் மணையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணவர் சீட்டு வாங்கப் போயிருந்தார். சாரல் காற்று மண்டபத்துக்குள் அடித்தது. அவன் தோளில் கோமதி.

"அண்ணே, இவ என் கருமுட்டைல உண்டானவ இல்ல. வேற ஒரு பொண்ணு குடுத்தது. அம்மாட்ட இருந்து இவளுக்கு ஒண்ணும் வரல."

அவன் குழந்தையை இறக்கி முகத்தையே பார்த்தான். அவள் அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப இந்த நெத்தி?"

"அம்மாது இல்ல."

"பிடிவாதம்?"

"அது உன்னப் பாத்துப் படிச்சது."

அவன் சிரிக்கவில்லை. "ஊரெல்லாம் சொல்லவிட்டு வேடிக்க பாத்திருக்க, என்னட்டி?"

அவன் அவள் காதைத் தொட்டான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கன்னத்தோடு ஒட்டிய மடல். இவளுக்குத் தனியாகத் தொங்கியது. இத்தனை நாள் நான் பார்த்தும் பார்க்காமல் விட்ட மடல்.

"உனக்குக் குத்துனப்ப ரெண்டு காதும் சீழ் வச்சு, வீட்ல ஒருத்தரயும் தூங்கவிடல நீ," என்றான். "நம்ம காது வராம தப்பிச்சா இந்த எம்மா."

"தாய்மாமன் யாருங்க?" ஆசாரி ஊசியோடு கேட்டார்.

"இந்தா வாரேன்." மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். "கம்மல எடு. பராக்குப் பாக்காத."

ஊசி இறங்கியதும் கோமதி வீறிட்டு, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்த என்னை விட்டுவிட்டு அவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"பிள்ளையப் பிடிங்க அண்ணாச்சி," என்றார் ஆசாரி. "நீங்க எதுக்கு அழுவுதீய?"