இரண்டாவது வெடி

எனக்குக் காபி பிடிக்காது. அன்னிக்கும் பிடிக்காது, இன்னிக்கும் பிடிக்காது. கருகின தண்ணியை இத்தனை பாடுபட்டு எதுக்குக் குடிக்கணும்? நான் டீக்காரி. ஆனா சிட்னிக்குத் தெக்க, இந்த போர்ட் கெம்ப்ளாவுல எங்க தெருவுக்குள்ள வந்து, நல்ல காபி யார் வீட்டுலன்னு கேட்டுப் பாருங்க, ஆளாளுக்கு எங்க வீட்டைத்தான் கை காட்டுவாங்க. எல்லாம் என் வீட்டுக்காரரு மெர்வின் பண்ணின வேலை.

மெர்வின் இரும்பாலையில, பாய்லர் கட்டுற பட்டறையில சுத்தியல் பிடிச்சே வயசானவரு. ரிடையர் ஆன பிறகும் ஷிப்டு பழக்கம் அவரை விடல. விடியறதுக்கு முன்னாடியே அடுப்படியில நிப்பாரு. அரைக்கிற கை மெஷினை ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு கறகறன்னு சுத்துவாரு. அந்தச் சத்தத்துல நான் முழிச்சுக்குவேன், போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் திட்டுவேன். அப்புறம் மோக்கா பாத்திரம். பட்டை பட்டையா இருக்குமே, அந்த அலுமினியப் பாத்திரம், கீழ தண்ணி, நடுவுல தூள், மேல வந்து விழறது காபி. தண்ணி ஏறி முடியறப்ப கொரகொரன்னு ஒரு சத்தம் வரும். அது வந்த உடனே இறக்கணும், இல்லாட்டி கசந்துடுமாம். மெர்வின் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேப்பர் படிப்பாரு. கொரன்னு ஆரம்பிச்சதும் திரும்பாமலே கை மட்டும் பின்னால போய் அடுப்பை அணைக்கும்.

அப்புறம் எனக்கு டீ போட்டு எடுத்துக்கிட்டு வருவாரு. அத்தனை நல்லா காபி போடுற மனுஷனுக்கு டீ மட்டும் கடைசி வரைக்கும் வரல. வாயில வைக்க முடியாது. குடிச்சேன், வேற என்ன பண்ண?

இவருக்குக் காபிப் பைத்தியம் பிடிக்க வச்சது பக்கத்து வீட்டு ஒட்டாவியோ. இத்தாலிக்காரரு, அதே பட்டறையில வேலை பார்த்தவரு. டின்னுல வர்ற பொடியைக் கலக்கிக் குடிச்சிக்கிட்டுத் திவ்யமா இருந்த மனுஷனுக்கு, ராத்திரி ஷிப்டுல ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடுத்தாராம். அதோட சரி, ஆளு கெட்டாரு.

குடிக்கிறதோட நின்னிருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன். ஒரு வருஷம், வேண்டாத சாமானையெல்லாம் வாசப் புல்லுல போட்டா கவுன்சில் வண்டி வந்து எடுத்துக்கிட்டுப் போற வாரம். எங்க தெருவுல பாதிப் பேர் போடுவாங்க, மீதிப் பாதி பொறுக்குவாங்க. மெர்வின் ஒரு பழைய ரொட்டி மெஷினைத் தூக்கிக்கிட்டு வந்தாரு.

"ரொட்டி சுடப் போறியா?"ன்னு நான் கேட்டேன்.

"காபிக்கொட்டை வறுக்கப் போறேன்"னாரு.

"யோவ், உனக்கு என்ன கிறுக்கா?"

கிறுக்கேதான். ரொட்டி மெஷின் கொட்டையைக் கிளறும், பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் மேல இருந்து சூடு குடுக்கும். ரெண்டையும் கராஜுல ஒரு பலகையில கட்டி வச்சாரு. சிட்னியில இருந்து பச்சைக் கொட்டை மூட்டையா வந்துச்சு. சனிக்கிழமை காலையில கராஜ் கதவைத் தூக்கிட்டு ஆரம்பிச்சாருன்னா ஒரே புகை. அதைவிட அந்த உமி. கொட்டை மேல இருக்கிற மெல்லிசான தோல் பறந்து வந்து, கொடியில காயிற என் பெட்ஷீட் பூராவும் ஒட்டிக்கும்.

எங்க தெருவுல துணி காயப்போடுறவளுக்குத்தான் இந்த வலி தெரியும். செம்பு உருக்குற ஆலையோட புகைபோக்கி இருந்த காலத்துல தெக்கத்திக் காத்து அடிச்சா வெள்ளைத் துணி சாம்பல் நிறமாயிடும். அந்த ஆலையை மூடினப்ப நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன்.

"ஏன்யா, ஆலை நிறுத்தினதை நீ ஆரம்பிச்சுட்டியா?"ன்னு கொடிப் பக்கத்துல நின்னு கத்துவேன்.

"வாசனையா ஒரு பெட்ஷீட்டுல படுக்கக் குடுத்து வச்சிருக்கணும், நோல்"னு அவரு கராஜுக்குள்ள இருந்து என் பேரைச் சொல்லிக் கத்துவாரு.

சனிக்கிழமை வறுத்ததைப் பையில போட்டு வாசல் வேலியில தொங்கவிடுவாரு. தெரு ஜனம் வந்து எடுத்துக்கும். யாராவது பதிலுக்கு எலுமிச்சம்பழம் வைப்பாங்க, யாராவது முட்டை வைப்பாங்க. அடுத்த நாளு ஒட்டாவியோ பின்வாசல் படியில வந்து உட்காருவாரு. போன வாரத்துக் கொட்டையில காபி போட்டு ரெண்டு பேரும் குடிச்சிக்கிட்டே பட்டறைக் கதை பேசுவாங்க. பட்டறையில போட்ட சண்டையெல்லாம் அந்தப் படியில மறுபடி போடுவாங்க.

மெர்வினுக்கு ஒரு கர்வம் உண்டு. வறுக்கறப்ப கொட்டை ரெண்டு தடவை வெடிக்கும். முதல் வெடி சோளப்பொரி மாதிரி பட் பட்டுன்னு பலமாக் கேக்கும். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ரெண்டாவது வெடி, பால்ல போட்ட அரிசிப்பொரி மாதிரி, சின்னதா, கிசுகிசுன்னு. அது ஆரம்பிக்கிற நொடியில நிறுத்தணும். விட்டா கரி.

"ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டு, மாப்ளே"ம்பாரு ஒட்டாவியோ.

"காது எதுக்குய்யா இருக்கு?"

"நிறத்தையாவது பாரு."

"நிறத்தைப் பார்த்து வறுக்கிறவன் வேலிக்கு பெயின்ட் அடிக்கப் போகட்டும்"பாரு மெர்வின்.

அந்தக் காதுதான் போச்சு. வாழ்நாள் பூராவும் இரும்பை இரும்பால அடிச்ச சத்தத்துல நின்ன காது, எத்தனை நாளுக்குத் தாங்கும்? முதல்ல எனக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு காலையில மோக்கா கொரகொரன்னு கத்துது, கத்திக்கிட்டே இருக்குது, அடுப்படியெல்லாம் தீஞ்ச வாடை. ஓடி வந்து பார்த்தா மனுஷன் பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காரு. அதுக்கப்புறம் பேப்பரை விட்டுட்டு, மூடியைத் திறந்து வச்சு, பாத்திரத்தையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்க ஆரம்பிச்சாரு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஒட்டாவியோ ஒரு வாய் குடிச்சாரு, மூஞ்சி கோணிப் போச்சு. மிச்சத்தை என் ஹைட்ரேஞ்சாச் செடியில ஊத்திட்டாரு.

"மாப்ளே, இது காபியா, உலையில அள்ளினதா?"

மெர்வினும் குடிச்சுப் பார்த்தாரு. "கொட்டை சரியில்ல. வேற கடையில வாங்கணும்"னாரு.

வேற கடைக் கொட்டையும் கரிதான். வேலியில தொங்கின பைகளை ஜனங்க மரியாதைக்கு எடுத்துக்கிட்டுப் போச்சு, எலுமிச்சம்பழம் வைக்கறது நின்னு போச்சு. நான் காது டாக்டர் பேச்சை எடுத்தேன். "மெஷினை மாட்டிக்கிட்டு அலைய நான் என்ன கிழவனா?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு. அன்னிக்குச் சாயங்காலம் கராஜுல ஒயரைச் சுத்தி வச்சிட்டு வந்து, "இந்த மூட்டையோட நிறுத்திக்கலாம், நோல். கை வலிக்குது"ன்னாரு.

கை வலியாம்! பட்டறையில இவரோட இருந்தவங்க கதையெல்லாம் எனக்குத் தெரியும். வேலை முடிஞ்சு, செய்யறதுக்கு ஒண்ணுமில்லாம டிவி முன்னால உட்கார்ந்தவங்க திரும்ப எந்திரிக்கவே இல்ல. என் ஆளு நிக்கறதே இந்தச் சனிக்கிழமை மேலதான். அது போனா அவரும் போயிடுவாரு. எனக்கு அவரு வேணும், அவ்வளவுதான்.

நான் கல்யாணத்துக்கு முன்னாடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. இரைச்சல் பிடிச்ச லைன்ல முனகறவன் பேச்சைக் கேட்டு ஊரு பேரு சரியாப் பிடிப்பேன். துணி துவைக்கிற அறை கராஜுக்கு அடுத்த சுவர்தான். அடுத்த சனிக்கிழமை, "மூட்டையில மிச்சம் இருக்கறதை வறுத்துடு, எலி வந்துடும்"னு விரட்டிட்டு, நான் உள்ள காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். முதல் வெடி வந்துச்சு, அடங்குச்சு. அப்புறம் அந்தக் கிசுகிசு. கூடையைத் தூக்கிக்கிட்டு வெளிய பாஞ்சேன்.

"யோவ்! என் பெட்ஷீட்டு! அணைய்யா அந்தக் கருமத்தை!"

மெர்வின் நிமிர்ந்து பார்த்தாரு. ஹீட் கன்னை அணைச்சாரு. கொட்டையை வடிதட்டுல கொட்டி ஃபேன் முன்னால ஆத்தினாரு. "ஆரம்பிச்சுட்டா"ன்னு மட்டும் முனகினாரு.

அந்த வாரத்துக் காபியைக் குடிச்சுட்டு ஒட்டாவியோ கண்ணை மூடிக்கிட்டாரு. "வந்துட்டான்யா என் மாப்ளே"ன்னாரு. வேலியில எலுமிச்சம்பழம் திரும்பி வந்துச்சு. மூட்டை தீர்றதுக்கு முன்னாடியே மெர்வின் சிட்னிக்குப் போன் பண்ணச் சொன்னாரு. பேசினது நான்தான்.

அதுல இருந்து சனிக்கிழமை தவறாம நான் பெட்ஷீட் துவைச்சேன். துவைச்சதையே துவைச்சேன். துவைக்க ஒண்ணும் இல்லாதப்ப, மடிச்சு வச்சதை எடுத்து நனைச்சுக்கிட்டுப் போனேன். ஒட்டாவியோ வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "சிஞ்ஞோரா, உங்க வீட்டுல படுக்கறீங்களா, இல்ல ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?"ன்னு கேட்டாரு. சிஞ்ஞோரான்னா அவரு பாஷையில அம்மா. ஒரு தடவை மழை கொட்டுது. வெடி வந்துடுச்சே, என்ன பண்றது? கொட்டுற மழையில கொடிக்கிட்ட நின்னு, தலையில தண்ணி வழிய வழிய, பெட்ஷீட்டைக் காயப்போட்டுக்கிட்டே உமி ஒட்டுதுன்னு கத்தினேன். மெர்வின் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரு. அணைச்சாரு. ஒண்ணும் கேக்கல. அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சுக்கிட்டேன்.

வருஷங்க அப்படியே போச்சு. அப்புறம் என் முட்டி போச்சு. ஆபரேஷன் பண்ணிப் படுக்கையில போட்டுட்டாங்க. வலியைவிடச் சனிக்கிழமை நினைப்புதான் என்னைக் கொன்னுச்சு. யாரு போய்க் கத்துறது? நான் இல்லாம வறுப்பாரு, கரியாக்குவாரு, அப்புறம் அந்தக் கை வலி திரும்பி வந்துடும்.

முதல் சனிக்கிழமை மெர்வின் வறுக்கவே இல்ல. ஒட்டாவியோ கேட்டதுக்கு, "மெஷின் ரிப்பேரு"ன்னாரு. மெஷினுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அடுத்த வாரமும் ரிப்பேரு. ஒட்டாவியோ கடைப்பொடி குடிச்சிக்கிட்டுத் துக்க வீட்டுக்காரன் மாதிரி சுத்தினாரு. மெர்வின் ஹால்ல டிவியைப் போட்டுட்டு உட்கார்ந்தாரு. அந்த டிவிச் சத்தம் படுக்கையில எனக்குக் கேக்கறப்பெல்லாம் தலையணையால காதைப் பொத்திக்கிட்டேன்.

அதுக்கடுத்த சனிக்கிழமை காலையில என் ரூம் ஜன்னலுக்கு வெளிய தடதடன்னு சத்தம். யாரோ எதையோ இழுக்கிறாங்க. கையை நீட்டித் திரையை விலக்கினேன். மெர்வின்! கராஜுல இருந்து பலகையோட எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்து, ஒயரைத் தோட்டம் பூராவும் இழுத்து, என் ஜன்னலுக்கு நேரா வச்சிருக்காரு. ஜன்னலைத் தூக்கித் திறந்துவிட்டாரு. பச்சைக் கொட்டையைப் போட்டாரு. மெஷினை ஓட விட்டாரு.

ஆனா மனுஷன் கொட்டையைப் பார்க்கல. ஸ்விட்சுல கையை வச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கறாரு.

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. கண்ணு நிறைஞ்சுடுச்சு. அழறதுக்கு நேரமில்ல, கேக்கணுமே. முதல் வெடி பட் பட்டுன்னு போச்சு. அமைதி. அவரு கண்ணைச் சிமிட்டக்கூட இல்ல. அந்தக் கிசுகிசு ஆரம்பிச்சுது. நான் கையைத் தூக்கினேன். அணைச்சாரு.

கொட்டையெல்லாம் ஆத்தி முடிச்சு உள்ள வந்து கட்டில் ஓரத்துல உட்கார்ந்தாரு. சட்டை பூராவும் உமி.

"எப்ப இருந்துய்யா தெரியும்? மழையில காயப்போட்டனே, அன்னிக்கா?"ன்னு அவரு காதுக்கிட்ட போய்க் கத்தினேன்.

"அதுக்கு முன்னாடியே. முதல் நாளே"ன்னாரு. "நீ என்ன கத்துறேன்னு எனக்குக் கேக்கல, நோல். வாய் மட்டும் அசைஞ்சுது. ஆனா சரியான நேரத்துல அசைஞ்சுது."

"அப்ப ஏன்யா சொல்லல? எத்தனை பெட்ஷீட்டு! என் கை தோலு உரிஞ்சு போச்சு!"

"சொன்னா நீ கத்தறதை நிறுத்திடுவே. ஓடி வந்து கொடிக்கிட்ட நின்னு கையை ஆட்டி ஆட்டித் திட்டுவியே, அது எனக்குப் பிடிக்கும்"னாரு.

பாவி மனுஷன். தலையணையை எடுத்து அடிச்சேன். அன்னிக்கு அவரு போட்ட டீயை ஒரு சொட்டு விடாம குடிச்சேன்.

முட்டி சரியான பிறகும் மெஷின் கராஜுக்குத் திரும்பிப் போகல. ஜன்னலுக்கு வெளியேயே ஒரு தகரம் போட்டு வச்சிட்டாரு. நான் உள்ள டீயைக் குடிச்சிக்கிட்டே உட்கார்ந்திருப்பேன், அவரு வெளிய என்னைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல அவரு என்னை அவ்வளவு நேரம் விடாம பார்த்தது அந்தச் சனிக்கிழமைகள்லதான். நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு.

மெர்வின் போய் மூணாவது குளிர்காலம் இது. காலையில கறகற சத்தம் இல்லாம எனக்கு முழிப்பே வர மாட்டேங்குது. ஆனா சனிக்கிழமை வறுக்கறதை மட்டும் நான் நிறுத்தல. ஒட்டாவியோ குடிக்க வேணாமா? தெரு ஜனம் குடிக்க வேணாமா? இப்ப நான்தான் ஜன்னலுக்கு வெளிய நிக்கறேன். கைக்குப் பக்கத்துலயே ஸ்விட்சு. முதல் வெடி, அமைதி, அப்புறம் அந்தக் கிசுகிசு. ஸ்விட்சை அணைக்க வேண்டியதுதானே? முடியல. முதல்ல கை மேல போயிடுது. ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிட்டு, அப்புறம்தான் அணைக்கறேன்.

ஒட்டாவியோ ஞாயித்துக்கிழமை படியில உட்கார்ந்து ஒரு வாய் குடிச்சுட்டு, ஒவ்வொரு வாரமும் தயங்கித் தயங்கிச் சொல்றாரு. "தப்பா நினைக்காதீங்க, சிஞ்ஞோரா. கொட்டை கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், அதிகமா வறுபட்டுடுது. ஒரு நொடி முன்னால அணைச்சீங்கன்னா சரியா இருக்கும்."

"அதெல்லாம் முடியாது. அப்படித்தான் இருக்கும், குடிங்க"ன்னு சொல்லிட்டு நான் என் டீயை எடுத்துக்கறேன்.