முன்மாடு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம், பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது சண்முகராஜ் ஒரு டிராக்டர் வாங்கினான். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. வேண்டும்போது அந்த இழுவையைப் போடவும் எடுக்கவும் தனியாக ஒரு லிவர் இருந்தது. தேனி மெக்கானிக் ஞானதுரை, இறக்கத்தில் மட்டும் அதை எடுக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஏன் என்று இவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மயிலாடும்பாறைக்கு மேலே அவனுக்கு மேட்டுக்காடு. கல்யாணமான பின் வந்த முதல் வெள்ளாமை அது. கடலை மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றியாயிற்று. தூறல் விட்டிருந்தது. நடந்து வருவதாகச் சொல்லி நின்ற அவன் மனைவி கருத்தம்மாள், லிவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பா குமுளி மலைப்பாதையில் பார வண்டி ஓட்டியவர். ஏற்றத்தில் வண்டிமாட்டுக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஜோடி மாடு பூட்டுவார்; அதுதான் முன்மாடு. உச்சி வந்ததும் அவிழ்த்துவிடுவார்.

"எறக்கத்துல முன்மாட்டப் பூட்டிக்கிட்டு எவனாச்சும் வருவானா மாமா? எங்கய்யா பாத்தாகன்னா சிரிப்பாக."

புது மனைவியின் கேலி அவனுக்குப் பிடித்திருந்தது. லிவரை எடுத்துவிட்டான்.

பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான். பின் சக்கரங்கள் நின்று, ஈர மண்ணில் வழுக்கின. முன் சக்கரங்கள் பாட்டுக்கு உருண்டன. பாரம் பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் ஓடையில் கவிழ்ந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்த ஞானதுரை, பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான், லிவர் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடித்திருக்கும் என்றார். யார் எடுத்தது என்றும் கேட்டார்.

"நாந்தேன்" என்றான் சண்முகராஜ். கதவுக்குப் பின்னால் நின்றவள் பக்கம் அவன் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி அவன் பேசவில்லை. ஒரு தடவையாவது திட்டிவிட மாட்டானா என்று அவள் காத்திருந்தாள்.

அடுத்த வெள்ளாமைக்கு அவள் தம்பி கர்ணன், பழுது பார்த்த டிராக்டரை எடுத்தான். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவனுக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

"ஏலே, எறங்கும்போது அந்த லிவர எடுத்துராத. அது முன்மாடு இல்ல, புடிச்சு நிறுத்துறது அதுதான். அன்னைக்கு உன் மச்சான எடுக்கச் சொன்னது நான்."

கர்ணன் மச்சானைப் பார்த்தான். சண்முகராஜ் ஊன்றுகோலை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

"லிவரு என் கையிலதான இருந்துச்சு, புள்ள."

டிராக்டர் இறங்கி வரும் சத்தம் கேட்கும்வரை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.