தளம் தாங்காது

கிட்ட வாருங்கள் என் செல்லங்களே, இன்னும் நெருங்கி உட்காருங்கள். கெய்ரோவின் பழைய சந்து ஒன்றில் ஒரு மகள் வாசலை மறித்து நின்ற கதை இது.

மாடிப்படியின் குறுக்கே கையை நீட்டி நின்றாள் நவால். மூன்றாம் மாடியில் அவள் உம்மா இன்ஷிராஹின் உயிர் பிரிந்த உடல், மய்யித்து. காலையில் ரொட்டி வாங்க ஜன்னல் வழியே கயிற்றில் கூடை இறக்கியவள், கயிற்றைப் பிடித்தபடியே ஜன்னலில் சாய்ந்துவிட்டாள். நவாலுக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

சந்து நிறையக் கறுப்பு உடுத்திய பெண்கள். மய்யித்தைச் சுற்றி உட்கார்ந்து கதற வந்தவர்கள்.

"யாரும் மேல போகாதீங்க. தளம் தாங்காது."

"எம் பொறந்தவ மொகத்த நான் பாக்கக் கூடாதா?" என்றாள் பெரியம்மா பஹிய்யா. "உன் கல்யாணத்துக்கு மேல ஊரே ஆடுச்சு. இப்ப நான் ஏறினா இடிஞ்சிருமா? நான் என்ன யானையா?"

"அப்ப சாஞ்சுக்கப் பக்கத்து வீடு இருந்துச்சு பெரியம்மா. அதத்தான் இடிச்சிட்டாங்களே."

நவால் வருவதற்குள் அக்கம்பக்கத்தார் பாசத்தோடு ஆளுக்கொரு வாளி தண்ணீர் மேலே ஏற்றியிருந்தார்கள், மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்கு. எல்லாம் நடு அறையில். எத்தனை வாளி என்று யாரும் பார்க்கவில்லை.

மேலே மடாரென்று ஒரு சத்தம். படிவழியே சுண்ணாம்புத் தூள் கொட்டியது. "நவால்! தரை பொளக்குது!" குளிப்பாட்டுகிறவள் அலறினாள்.

சந்திலிருந்த பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"உம்மாவக் கீழ கொண்டாங்க," என்றாள் நவால்.

"குளிப்பாட்டாமலா? எங்கடி வைப்ப, தெருவுலயா?" என்றாள் பஹிய்யா.

எதிரே இருந்த கல் வளைவுக் கடையில் துணி வியாபாரி மித்வல்லி எழுந்தார். இன்ஷிராஹோடு சண்டை போடாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. துணிக்கட்டுகளைத் தெருவில் எடுத்துப் போட்டார். "தெனமும் விரிப்ப ஒதறி என் சரக்கு மேல தூசி கொட்டினவ. இன்னைக்கி உள்ளயே வரட்டும்," என்றார்.

வாளிகள் முதலில் இறங்கின. பிறகு நான்கு ஆண்கள், சுவரோரமாகவே கால் வைத்து, இன்ஷிராஹைச் சுமந்து இறங்கினார்கள். அவர்கள் ஏறவும் இறங்கவும் வழிவிடச் சொன்னபோது மட்டும் நவால் கையை எடுத்தாள்.

பெண்கள் எல்லாரும் கடைக்குள் போனார்கள். கதவு மூடியது. கல் தரை அத்தனை பேரையும் தாங்கியது. கதறல் சந்து முழுக்க நிறைந்தது.

"நவால், வாம்மா. கடைசித் தண்ணி நீதான் ஊத்தணும்," பஹிய்யா கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

நவால் அசையவில்லை. ஆளில்லாத வீட்டின் படிக்குக் குறுக்கே அவள் கை மறுபடி நீண்டிருந்தது.

உங்கள் வீட்டுத் தளம், வருகிற சனம் அத்தனையையும் தாங்கட்டும், செல்லங்களே.