அருகில் சென்று அமருங்கள்

...காலர் முனை இன்னும் சரியாகப் படியவில்லை, இன்னொரு தடவை தேய்த்துவிட்டால் போதும், காமிராவில் காலர்தானே முதலில் தெரியும், கீழே அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்தால்கூட யாருக்குத் தெரியப்போகிறது, ஆனால் இதையே இரண்டு முறை தேய்த்தாயிற்று, நான் ஏன் இந்த இஸ்திரிப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே... எங்கே போவது? லீவு போட்டாயிற்று. தம்பிக்கு இன்றைக்கு இண்டர்வியூ, வீட்டிலிருந்தே, அவன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. படிப்பை முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருப்பவனுக்கு இது மூன்றாவது, முதல் இரண்டும் கைநழுவிப் போனவை, இதுவும் போனால் இனி எதற்கும் விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்தான். ஆபீசில் லீவு கேட்கும்போது என்ன பீற்றிக்கொண்டேன், "நான் பக்கத்துல இருந்தாத்தான் அவனுக்குத் தெம்பு" என்று! அது முந்தாநாள். நேற்று அந்த மீட்டிங் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

மீட்டிங்கை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. எங்கள் ஆபீஸ் சின்னது, வேலையும் ஒன்றே ஒன்றுதான், படித்து முடித்து வெளியே வருகிற வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவோம், அது நாடித் துடிப்பையும் வியர்வையையும் பார்த்துக்கொண்டே இருக்கும், பதற்றம் ஏறினால் லேசாக அதிரும், உடனே போனில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும், அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து விடவேண்டும், பழகப் பழக மனசு எந்த அடியையும் தாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் கணக்கு. நான் அதற்கு வாசகம் எழுதுகிறவள், போனில் வருகிற ஒவ்வொரு வரியும் என் கைவண்ணம். கோடுகளைப் பார்த்துப் பலன் சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார், கிராஃப் சார் என்றுதான் கூப்பிடுவோம், அவர் நேற்று பெயரில்லாத ஒரு பையனின் கோட்டைத் திரையில் போட்டு, "பாருங்க, பகல் முழுக்கப் பையன் ஜம்முனு இருக்கான். சாயங்காலம் ஆச்சோ இல்லையோ ஏறுது பாருங்க. ஞாயித்துக்கிழமை நாள் பூரா ஏத்தம்தான். வீட்ல யாரோ ஒரு வில்லன் இருக்காங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான், "பாவம், யார் பெத்த பிள்ளையோ, அந்த வில்லனைப் பிடிச்சு ரெண்டு சாத்து சாத்தணும் சார்" என்றேன், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு, என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தம். அப்போதுதான் அவர் விரலை நகர்த்தி, "போன மாசம் இந்த ஒரு வாரம் மட்டும் கோடு அப்படியே படுத்துக்கிச்சு பாருங்க, வில்லன் ஊர்ல இல்ல போல" என்றார். போன மாதம் அந்த ஒரு வாரம் நான் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க நான் வீட்டில் இருக்கிறேன். வாய் சிரித்துக்கொண்டே இருந்தது, மூடத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள், புரையேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் தம்பிக்குப் பட்டை கட்டிவிட்டவளே நான்தான். ஆபீசிலிருந்து நானே கொண்டுவந்து, நானே சார்ஜ் போட்டு, நானே கையை இழுத்துக் கட்டினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன வாட்ச்சுடி இது, மணியே தெரியல" என்றாள். அவன் போனையும் வாங்கி எல்லாவற்றையும் நானே நிரப்பினேன், அதில் ஒரு கேள்வி வரும், "யாரிடம் பேசினால் உங்கள் மனம் லேசாகும்?" என்று, எழுதியதும் நான்தான், எவ்வளவு யோசித்து எழுதிய கேள்வி, அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் அவனை ஒரு வார்த்தை கேட்காமல் என் நம்பரைப் போட்டேன். அவன் பக்கத்தில்தான் நின்றான், பார்த்தான். வேண்டாம் என்று அவன் எப்போது சொல்லியிருக்கிறான், நான் எப்போது விட்டிருக்கிறேன்... அந்த நம்பருக்கு என்ன ஆகும் என்றால், அவனுக்குப் பதற்றம் ரொம்ப ஏறும்போது என் போனில் செய்தி வரும், 'உங்கள் பிரியத்துக்குரியவர் சற்றுப் பதற்றமாக இருக்கிறார். அருகில் சென்று அமருங்கள். உங்கள் இருப்பே அவருக்கு மருந்து.' இந்தக் கடைசி வரிக்கு ஆபீசில் கைதட்டினார்கள். அது வரும்போதெல்லாம் நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன், அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னடா ஆச்சு, ஏன் முகம் இப்படி இருக்கு, யாராவது ஏதாவது சொன்னாங்களா, சரி சரி மூச்ச இழு, இழு, இன்னும் இழு, நிறுத்து, இப்ப விடு... அவன் இழுப்பான், விடுவான், பட்டை மறுபடியும் அதிரும், என் போனில் மறுபடியும் வரும், அருகில் சென்று அமருங்கள், இன்னும் எப்படி அருகில், இதற்கு மேல் அவன் மடியில்தான் உட்காரவேண்டும். எனக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. பாவம், பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான், என்னைக் கண்டதும்தான் உடைகிறான், விழுந்த குழந்தை அம்மாவைப் பார்த்தபிறகு அழுகிற மாதிரி என்று நினைத்து, அதற்காகவே அவன் மேல் இன்னும் கொஞ்சம் உருகினேன். எவ்வளவு வசதியான விளக்கம்! நேற்று பஸ்ஸிலும் அதையே எனக்குச் சொல்லிப் பார்த்தேன், உடைகிற பிள்ளை நான் இல்லாத வாரத்தில் இன்னும் அல்லவா திண்டாடியிருக்கவேண்டும், அப்புறம் ஏன் அந்த வாரம் அவ்வளவு அமைதி?

போன இண்டர்வியூ... வேண்டாம், அதை இப்போது நினைக்காதே. நினைக்காமல் எப்படி இருப்பது. காமிராவுக்குப் படாத மூலையில், அலமாரியை ஒட்டி நான் நின்றேன், கையில் பெரிய தாள்கள், கொட்டை எழுத்தில் ஒவ்வொன்றிலும் ஒன்று, 'சிரி', 'நிமிர்ந்து உட்கார்', 'மெதுவாகப் பேசு', 'பரிசு வாங்கியதைச் சொல்', முந்தின நாள் உட்கார்ந்து எழுதியவை. திரையில் இண்டர்வியூ எடுத்த அந்தம்மா ஏதோ கேட்டாள், அவன் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான், நான் 'சிரி'யைத் தூக்கினேன், அவன் சிரித்தான், அவள் கேட்டது என்ன தெரியுமா, உங்கள் அப்பா எப்போது தவறினார் என்று. அதற்குச் சிரித்தான் என் தம்பி. அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, நான் தாளைத் தாளாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரிடமும் நெட்வொர்க் சரியில்லை என்று சொன்னேன். அவனிடம்கூட அதையேதான் சொன்னேன், "உன் மேல தப்பு இல்லடா, நெட்வொர்க்" என்று, அவன் "ஆமாக்கா" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை, ஐயோ, என்னைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை. இப்போது நினைக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நேற்று சாயங்காலம் ஒரு வேலை செய்தேன், திருட்டு வேலை மாதிரிதான். மாடிப்படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் ஏறினேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, பைக்குள் போட்டேன். உள்ளே அம்மாவோடு அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். சாவியைப் போட்டுத் திருப்பினேன். பேச்சு நின்றது. கதவைத் திறந்து, பையை ஆணியில் மாட்டி, "சாப்டியாடா, நாளைக்கு என்ன கேப்பாங்கன்னு பாத்தியா" என்று என் வாய் தன்னால் கேட்டு முடிப்பதற்குள் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, நான் எழுதிய வரி எனக்குத் தெரியாதா. அவன் பட்டை கட்டிய இடது கையை மெதுவாக மேசைக்கு அடியில் கொண்டுபோனான். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன், போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

"இன்னும் எத்தன தடவடி தேப்ப, துணி கருகப் போகுது" என்று அம்மா வந்து நிற்கிறாள். "நீ ஆபீசுக்குப் போகலியா?" லீவு என்றேன். எதுக்கு என்றாள். எதுக்கு... இவளுக்குத் தெரியும், இவளுக்கு எல்லாம் தெரியும், இத்தனை நாளும் "அவன ஏன்டி நோண்டிக்கிட்டே இருக்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், நான்தான் உனக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகளோட மனசு புரியாதும்மா என்று பாடம் எடுத்தேன், மூளை, நரம்பு, மன அழுத்தம் என்று நான் பேசப் பேச அவள் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவாள். அப்பா போனபோது அவனுக்குப் பள்ளிக்கூடம்கூட முடியவில்லை, அன்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சல் என்றால் நான், பரீட்சை என்றால் நான், என்ன படிப்பது என்று முடிவு செய்தது நான், யார் அதைத் தப்பு என்று சொல்ல முடியும்? யாரும் சொல்லவில்லை. ஒரு கோடுதான் சொன்னது. தம்பி குளித்துவிட்டு வருகிறான், தலை ஈரம் சொட்டுகிறது, நன்றாகத் துவட்டக்கூடாதா, சளி பிடித்தால்... வாயை மூடு. மூடு. சட்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, காலரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு, "அக்கா, நீ இன்னிக்கு வீட்லதான் இருக்கியா?" என்றான். இதே கேள்வியை அவன் என்னிடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பான்! ஆசையாகக் கேட்கிறான் என்றல்லவா நினைத்தேன். "இல்லடா, ஒரு வேலை இருக்கு, வெளிய போறேன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "முடிய எவ்ளோ நேரமாகும்க்கா?" என்றான். குரலில் அவ்வளவு பணிவு, அவ்வளவு ஜாக்கிரதை, நான் மனசு மாறிவிடுவேனோ என்கிற பயம்... பெற்ற தாய் முன்னால் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை. "ரொம்ப நேரமாகும்டா" என்றேன். நல்லா பண்ணு என்றுகூடச் சொல்லவில்லை, சொன்னால் அது என்ன செய்யுமோ என்று பயமாக இருந்தது.

வீட்டுக்கு எதிர்ப்புறத்தில் பஸ் நிறுத்தம், அதன் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், இதைவிடத் தூரம் போக எனக்குக் கால் வரவில்லை, போகவேண்டிய வேலை எதுவும் இல்லாதவள் எங்கே போவாள்? மூன்றாவது மாடியில் அவன் ஜன்னல், திரையை இழுத்துவிட்டிருக்கிறான், முகத்தில் வெளிச்சம் விழாதே, மேசை விளக்கைப் போட்டானோ இல்லையோ... போதும். இந்நேரம் ஆரம்பித்திருக்கும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள், அதில்தான் அவன் தடுமாறுவான், இப்போது வரும். போன் கையில்தான் இருக்கிறது. வரவில்லை. சரி, முதல் கேள்வி நன்றாகப் போயிருக்கும், படித்ததைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். ஒரு வருஷமாக ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்பார்களே, அப்போது வரும். சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு பஸ் வந்து நின்றது, டிரைவர் என்னைப் பார்த்தார், நான் இல்லை என்று கையசைத்தேன், முனகிக்கொண்டு எடுத்துப் போனார். இன்னும் வரவில்லை. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டானோ? கழற்றினால் அதற்குத் தனிச் செய்தி வருமே, அதையும் நான்தானே எழுதினேன், அதுவும் வரவில்லை. அப்படியென்றால் கையில்தான் இருக்கிறது, துடிப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்தால் போதும், சின்னதாக... என்ன வந்தால் போதும்? நான் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்? அவன் அங்கே பதறவேண்டும் என்றா? நான் இல்லாமல் அவனுக்கு முடியவில்லை என்று இந்தப் போன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அதற்கு அவனுடைய வேலை போனாலும் பரவாயில்லை என்றா உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பெஞ்சில், பட்டப்பகலில்? ச்சீ. நானா? நேற்றுத் தெரிந்ததாவது தெரியாமல் செய்தது. இது என்ன?

போன் அடித்தது, செய்தி இல்லை, அம்மா. "முடிஞ்சுதுடி" என்றாள். "நல்லாப் பேசினான். கதவுகிட்ட நின்னு கேட்டேன், அவங்களே சிரிச்சாங்க தெரியுமா." அவள் குரலுக்குப் பின்னால் யாரோ விறுவிறுவென்று எதையோ விவரித்துக்கொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு இந்த நேரத்தில் யார் வந்திருப்பார்கள், அவனுடைய சிநேகிதன் யாராவதா, "யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டேன். "யாரு வருவா, உன் தம்பிதான்டி பேசறான்" என்றாள் அம்மா. அதன்பிறகு, "சரி, நீ எப்ப வர?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்தப் பக்கத்தில் சிரிப்பு சட்டென்று நின்றிருந்தது, அவனும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறான் போலிருக்கிறது, நான் எழுந்து நின்றேன், பிறகு மறுபடி உட்கார்ந்தேன்.