மனு போய்ச் சேர்ந்த மேசை

இப்போதெல்லாம் ஒருத்தனும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. சிரித்துப் பேசிவிட்டுப் போய், முதுகுக்குப் பின்னால் எழுதி வைக்கிறான்கள். திண்டிவனம் போகும் பஸ்ஸில் விருத்தாசலம் இதைச் சொல்லித்தான் பொருமிக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் மகள் கவிதா. பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குத் தேர்வானவள். உளவுப் பிரிவு அனுப்பிய ஒரு குறிப்பால் வேலை உத்தரவு ஏழு மாதமாக நிற்கிறது. தகப்பன் போராட்ட அமைப்பாளராம். இந்த மாதத்தோடு தேர்வுப் பட்டியலும் காலாவதி.

அவர் எதையும் அமைத்தவரில்லை. கெடாரில் அவருடைய கிணற்று மோட்டார் கொட்டகை ரோட்டோரம் இருக்கிறது. சாமிக்குக் கூழ் ஊற்றினாலும் கட்சிக் கூட்டமென்றாலும் மைக்குக்கு அங்கிருந்துதான் ஒயர் இழுப்பார்கள். எதற்கென்று அவர் கேட்டதே கிடையாது. நிலம் எடுப்பதை எதிர்த்து நடந்த கூட்டத்துக்கும் கரண்டு அப்படித்தான் போனது.

குறிப்பு எழுதியவரை விசாரிக்கச் சொல்லி மேலிடத்துக்கு மனு போட்டார்கள். திண்டிவனம் ஆபீஸுக்கு நேரில் வரும்படி கடிதம் வந்தது.

மாடி அறையில் மேசைக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்ததும் விருத்தாசலம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ உரக் கம்பெனி ஆளுல்ல? கூட்டத்தன்னிக்கு என் மல்லாட்டைய தொலி ஒடைச்சி தின்னுக்கினு கதை பேசினியே?"

"எம்பேரு இனியவன். உக்காருங்க பெரியவரே."

"குறிப்பு எழுதனது யாரு?"

"நான்தான்."

"விசாரிக்கறது?"

"நான்தான். மேல போற மனு சம்பந்தப்பட்ட ஆள்கிட்டதான் திரும்பி வரும். அதான் நடைமுறை."

"நல்லாக்குதுய்யா. கொல்லைய மேஞ்ச மாட்டுகிட்டயே பிராது குடுக்கச் சொல்ற."

கவிதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "யப்பா, செத்த சும்மா இரு."

இனியவனுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு தாளை நகர்த்தினான். விசாரணையில் மனுதாரருக்குத் திருப்தி, மேல்நடவடிக்கை வேண்டாம் என்று முன்பே டைப் அடித்திருந்தது.

"இதுல கையெழுத்து போடுங்க. பொண்ணுக்கு ஆட்சேபணை இல்லன்னு இன்னிக்கே அனுப்பிடறேன்."

"மொதல்ல எழுதனத காட்டு. படிச்சிட்டு போடறேன்."

"அது ரகசியம்."

"என்னப் பத்தி எழுதனது எனக்கே ரகசியமா?"

இனியவன் பேனாவை நீட்டினான். கவிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விருத்தாசலம் பேனாவை வாங்கினார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, பெயரைப் போட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள் கவிதா. அவர் அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தார்.

கீழே வந்து பிடித்தாள். "யப்பா, வேலை வந்துடும்பா."

"வரட்டும். நாளைக்கி இவனே வேற மாரி எழுதனான்னா, எவன்கிட்ட போவ?"

"அதெல்லாம் எழுத மாட்டாரு."

"நீ நம்பு," என்று சொல்லிவிட்டு, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.